திடப்படுத்தலுக்கு எந்த வேதாகமம்?

லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து வேதம் வாசிப்பது சில ஆண்டுகளாக எங்களுக்கு வழக்கம். நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையார், பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். இந்த ஆண்டு ஒரு மாலை 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் வந்தது. கடைசி வசனத்தை நான் வாசித்தேன்: “இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது; இவைகளில் அன்பே பெரியது.” அக்கா தம் திருவிவிலியத்தைப் பார்த்துவிட்டு, “எங்களுடையதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறதே” என்றார். என் மகள் இரண்டு புத்தகங்களையும் தன் முன்னால் இழுத்து வைத்து, இரண்டிலும் விரலை ஊன்றிப் பார்த்தாள். “அம்மா, நம் நம்பிக்கை இரண்டாவது இடத்தில் இருக்கிறது. பெரியம்மாவின் நம்பிக்கை முதல் இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?” என்று கேட்டாள்.

ஒன்றில்லை. பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொற்கள் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே. முதல் சொல்லை எங்கள் சபையின் மொழிபெயர்ப்பாகிய பழைய திருப்புதல் ‘விசுவாசம்’ என்கிறது, திருவிவிலியம் ‘நம்பிக்கை’ என்கிறது. இரண்டாவது சொல் பழைய திருப்புதலில் ‘நம்பிக்கை’, திருவிவிலியத்தில் ‘எதிர்நோக்கு’. ஆக, ஒரே தமிழ்ச் சொல் இரண்டு புத்தகங்களிலும் இரு வேறு பொருளைச் சுமக்கிறது. நாற்பது ஆண்டுகளாக அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவரும் எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

மகளுக்கு இந்த ஆண்டு திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வேதாகமம் வாங்கி, முதல் பக்கத்தில் பெயரும் ஒரு வசனமும் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு என் அம்மா கொடுத்தார். மகளுக்கு எதைக் கொடுப்பது என்று சில வாரங்கள் யோசித்தேன், எங்கள் சபைப் போதகராகிய ஐயரிடமும் கேட்டேன், அக்காவிடமும் கேட்டேன். இதே யோசனையில் இருக்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால், நான் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

கையில் இருந்தவை நான்கு. ஹென்றி பவர் தலைமையில் முத்தையா பிள்ளை போன்ற தமிழறிஞர்களின் உதவியோடு உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய திருப்புதல். கத்தோலிக்கரும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். எளிய வாசிப்புக்கென்று செய்யப்பட்ட ஈ.ஆர்.வி. பதிப்பு. பழைய திருப்புதலின் நடையைத் தழுவிக்கொண்டு கடினச் சொற்களை மாற்றிய ஐ.ஆர்.வி. என்ற திருத்திய பதிப்பு.

கடைசி இரண்டையும் விரைவாகவே ஒதுக்கினேன். ஈ.ஆர்.வி. மோசமான பதிப்பு என்பதற்காக ஒதுக்கவில்லை. சபைப் பழக்கமே இல்லாத ஒருவர் முதன்முறையாக லூக்கா சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்றால் அதைத்தான் கொடுப்பேன். ஆனால் அது மூலத்தின் இறுக்கமான இடங்களை எல்லாம் அவிழ்த்து, விளக்கமாக்கித் தருகிறது. சிறுவயதிலிருந்தே வேதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த முடிச்சுகள் வேண்டும். ஐ.ஆர்.வி. கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய ஏற்பாட்டில் ‘கர்த்தர்’ இருந்த இடத்தில் அது ‘யெகோவா’ என்று வைத்திருப்பது, மூலத்தில் கடவுளின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்பதைக் காட்டும். அதற்காக எப்போதாவது திறந்து பார்க்கலாம். உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

பழைய திருப்புதலை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்ற 23ஆம் சங்கீதத்தின் ஓசை, என் அப்பாவின் அடக்க ஆராதனையில் என்னைத் தாங்கிய ஓசை. ஞாயிறு பள்ளியின் மனப்பாட வசனங்களும் கீர்த்தனைகளும் ஐயரின் ஜெபமும் எல்லாம் அந்த மொழியில்தான். ஆலயத்தில் சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும்போது வேறு பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் வாய்மூடி நிற்க வேண்டியதுதான். புத்தகப் பெயர்களிலேயே சிக்கல் தொடங்கிவிடும்: ஐயர் யாத்திராகமத்தை எடுக்கச் சொன்னால், திருவிவிலியம் வைத்திருக்கும் பிள்ளை விடுதலைப் பயணம் என்று தேட வேண்டும், பிரசங்கி அதில் சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் அதில் திருத்தூதர் பணிகள்.

அதே 23ஆம் சங்கீதம்தான் என்னை முதலில் அசைத்ததும். ‘தாழ்ச்சியடையேன்’ என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். “யாரும் என்னைத் தாழ்த்த முடியாது, நான் கீழே போக மாட்டேன்” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். அந்தப் பொருளில் பிரசங்கமே கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ‘தாழ்ச்சி’ என்பது குறைவு, பற்றாக்குறை. எபிரேயச் சொல்லும் இல்லாமையைத்தான் சொல்கிறது. மேய்ப்பர் இருப்பதால் ஆட்டுக்குப் புல்லும் தண்ணீரும் குறைவுபடாது. அடுத்த வசனமே புல்லுள்ள இடங்களையும் அமர்ந்த தண்ணீர்களையும் பேசுகிறது. திருவிவிலியம் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று நேராகச் சொல்லிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்கள் தவறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் தமிழ் நகர்ந்துவிட்டது, வசனம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எபிரெயர் 11:1இலும் இதே கதைதான். “விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும்” என்று பழைய திருப்புதலில் வாசிக்கும் இன்றைய பிள்ளை, ‘நாம் நம்பும் கொள்கைகள்’ என்று எடுத்துக்கொள்ளும். அங்கே பேசப்படுவது இனி வரும் என்று காத்திருக்கும் காரியங்கள். திருவிவிலியம் “நாம் எதிர்நோக்கி இருப்பவை கிடைக்கும் என்னும் உறுதி” என்கிறது. ‘விசுவாசம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சபைக்கு வெளியே அது எஜமானிடம் காட்டும் விசுவாசம், நாயின் விசுவாசம். எங்கள் பிள்ளைகள் இரண்டு தமிழ்களில் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஒன்று, பள்ளிக்கூடத் தமிழ் ஒன்று. வேதம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழில் மட்டும் இருந்தால் அது வாரத்தின் மற்ற நாட்களுக்குள் வருவது கடினம்.

இங்கே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடை சொன்னார்கள்: “பழைய வேதாகமம்தான் சுத்தமான வேதம், மற்றதெல்லாம் மனிதர் மாற்றியது.” அவர்கள் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பழையது என்றும் பழையதாக இருந்ததில்லை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது கடவுளைச் ‘சர்வேசுரன்’ என்றார். அவருக்குப் பின் வந்த பப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். அவருடைய மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் உயிராக நேசித்தார்கள். பவரின் திருப்புதல் ‘தேவன்’ என்ற சொல்லோடு வந்தபோது அவர்கள் அதை ஏற்காமல் நெடுங்காலம் பப்ரீசியஸோடேயே இருந்தார்கள். இன்று எங்கள் ஆச்சிமார் ‘கடவுள்’ என்ற சொல்லைப் பார்த்துத் தயங்குவதும் அன்று அவர்கள் ‘தேவன்’ என்ற சொல்லைப் பார்த்துத் தயங்கியதும் ஒரே தயக்கம்தான்.

சொற்களைக் கடந்து இன்னொரு வேறுபாடு இருக்கிறது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். வேதம் என்றால் என்ன என்று நம்புகிறோம்? 2 தீமோத்தேயு 3:16ஐ இரண்டிலும் பாருங்கள். பழைய திருப்புதல்: “வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது.” திருவிவிலியம்: “மறைநூல் அனைத்தும் கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது.” கிரேக்கத்தில் அங்கே இருப்பது தெயோப்நியூஸ்டோஸ் என்ற ஒரே சொல். கடவுளின் மூச்சு பெற்றது என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். ‘அருளப்பட்டது’ என்றால் மேலிருந்து கொடுக்கப்பட்டது போன்ற எண்ணம் வருகிறது. ‘தூண்டுதல்’ என்றால் எழுதிய மனிதரும் அவர் காலமும் நடையும் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இந்த இரண்டு எண்ணங்களுக்கும் பின்னால் இரண்டு பெரிய மரபுகள் நிற்கின்றன. 1978இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷ சபைத் தலைவர்கள், வேதம் தான் சொல்லும் எதிலும் பிழையற்றது என்று அறிக்கை வெளியிட்டார்கள்; எங்கள் ஊர்க் கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்கும் பிரசங்கம் பெரும்பாலும் அந்த நம்பிக்கையில் நிற்பது. 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் தவறின்றிப் போதிக்கிறது என்றது. அதைப் புரிந்துகொள்ள, எழுதியவர் கையாண்ட இலக்கிய வகையைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. கவிதையைக் கவிதையாக, வரலாற்றை வரலாறாக வாசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆவணம் பிற சபையாரோடு சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கும் கதவைத் திறந்தது. தமிழில் அந்தக் கதவு வழியாக வந்ததுதான் திருவிவிலியம்.

அந்தக் கூட்டு முயற்சியில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்ற பெயர்களை விட்டுப் பேதுரு, பவுல், யோவான் என்ற எங்கள் பெயர்களை ஏற்றார்கள். எங்கள் தரப்பு தேவனையும் கர்த்தரையும் விட்டுக் கடவுள், ஆண்டவர் என்பவற்றை ஏற்றது. சின்னப்பர் என்று அழைத்து வேண்டிய ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, ‘கர்த்தர்’ என்ற சொல்லை இழக்க நேரும் என் அம்மாவைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது.

வசனத்தின் அடியில் இருக்கும் மூலமும் வேறுபடுகிறது. 1 யோவான் 5:7ஐப் பழைய திருப்புதலில் எடுத்தால், பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று இருக்கும். திரித்துவத்துக்கு நாங்கள் உடனே எடுக்கும் வசனம் அது. திருவிவிலியத்தில் அந்தப் பரலோக சாட்சிகள் இல்லை. ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று மட்டுமே. ‘வசனத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று கோபப்பட்டவர்களை அறிவேன். நடந்தது வேறு. அந்த வரி பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல் சேர்த்தார். அங்கிருந்து பின்வந்த பதிப்புகளுக்குள்ளும் மொழிபெயர்ப்புகளுக்குள்ளும் அது போனது. சிகாகோ அறிக்கையே பிழையின்மையை மூலப் பிரதிக்குத்தான் சொல்கிறது, மொழிபெயர்ப்புக்கோ பின்வந்த நகலுக்கோ சொல்லவில்லை. ஆகவே வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் கடவுளுடையது என்று நம்புகிறவர்தாம் அப்போஸ்தலர் எழுதியது எது என்பதை முதலில் அறிய விரும்ப வேண்டும். திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த வரியை மேற்கோள் காட்டாமலேயே நிசேயா சங்கத்தில் 325இல் சபை அதை அறிக்கையிட்டது.

ஆதியாகமத்தின் முதல் வசனமும் அப்படித்தான். “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்” என்று பழைய திருப்புதலில் முற்றுப்புள்ளி விழுகிறது. திருவிவிலியம் “தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும், மண்ணுலகையும் படைத்தபொழுது” என்று ஆரம்பித்து அடுத்த வசனத்துக்குள் ஓடுகிறது. ஒரு வினைமுற்று எச்சமாக மாறியதும் கேள்வி ஒன்று எழுகிறது: படைக்கத் தொடங்கியபோது ஏற்கெனவே ஏதாவது இருந்ததா? எபிரேய இலக்கணம் இரண்டு வாசிப்புக்கும் இடம் தருகிறது. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இரண்டாவது வாசிப்பையே எடுத்தார். ஏசாயா 7:14இலும் பழைய திருப்புதலில் ‘கன்னிகை’, திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’. எபிரேயச் சொல்லாகிய அல்மா இளம்பெண்ணைக் குறிக்கும். மத்தேயு மேற்கோள் காட்டும்போது கிரேக்க மொழிபெயர்ப்பின்படி கன்னி என்று எழுதினார். இதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். நாம் வீட்டில் சொல்லாவிட்டால் கைபேசியில் யாரோ ஒருவர் ஏளனமாகச் சொல்வார். அதைவிட ஜெபத்தோடு நாம் சொல்வது மேல்.

பக்க அமைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. பழைய திருப்புதலில் ஒவ்வொரு வசனமும் தனி வரியாகத் தொடங்கும். தனித்தனியாக எடுத்துக்கொள்ளக் கண் பழகிவிடுகிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வராத ஆண்டே இல்லை: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அந்த அட்டையை என் அண்ணன் மகன் நேர்முகத் தேர்வுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். வேலை கிடைக்கவில்லை, கடவுள் சொன்ன வாக்கு என்னாயிற்று என்று கேட்டுச் சில மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. திருவிவிலியத்தில் அதே பகுதி பத்தியாக ஓடுகிறது. மேலே தலைப்பு இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் என்று பார்த்தவுடன் தெரியும். முந்தின வசனம் எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள் என்று அதற்கு முன் எழுதியிருக்கிறது. அந்த நீண்ட காத்திருப்பை அறிந்து அந்த வசனத்தைப் பற்றிக்கொண்டிருந்தால் அவனுக்கு அது வேறு விதமாகக் கைகொடுத்திருக்கும். அந்த அட்டையை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இதெல்லாம் திருவிவிலியத்தின் பக்கம் சாய்வதுபோல் இருக்கிறது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தாயிடம், “ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன, என் வேளை இன்னும் வரவில்லை” என்கிறார், பழைய திருப்புதலில். காதில் சுருக்கென்று தைக்கும். திருவிவிலியம் “அம்மா” என்று தொடங்கி அதை இதமாக்கிவிடுகிறது. தமிழ் மரியாதைக்கு அது சரி. ஆனால் ‘எனக்கும் உனக்கும் என்ன’ என்பது எபிரேய வழக்கு. பிள்ளை நோயுற்று இறந்தபோது சாறிபாத் விதவை எலியாவிடம் கேட்டதும் அதுவே. லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்தவன் இயேசுவிடம் கூவியதும் அதுவே. பழைய திருப்புதலில் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்து, இயேசு தாயை விலக்கி நிறுத்திய அந்தத் தூரம் எவ்வளவு என்று யோசிக்கலாம். திருவிவிலியம் அந்த யோசனையைத் தானே செய்து முடித்துவிட்டு நமக்குத் தருகிறது. கரடுமுரடாக இருக்கும் இடத்தில் பழைய திருப்புதல்தான் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது என்பதைப் பலமுறை கண்டேன்.

கத்தோலிக்க வேதாகமத்தில் கூடுதலாக உள்ள இணைத்திருமுறை நூல்கள் இருப்பதால் திருவிவிலியம் வேண்டாம் என்று எங்கள் சபையில் சிலர் சொல்வார்கள். 66 புத்தகங்கள் எங்களுக்கு, கத்தோலிக்கருக்கு 73. பொது மொழிபெயர்ப்பு அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக வைத்திருக்கிறது. எங்கள் திருநெல்வேலி சபை ஆங்கிலிக்கன் மரபில் வந்தது; அந்த மரபின் 39 விதிகளில் 6ஆம் விதி, இந்நூல்களை நல்வாழ்வுக்கு முன்மாதிரியாக வாசிக்கலாம், ஆனால் உபதேசத்தை நிலைநாட்டப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. மகளுக்கு அதையே சொன்னேன். அந்நூல்களில் ஒன்றான தோபித்தின் கதையை அவள் ஒரே இரவில் வாசித்து முடித்தாள்.

முடிவு இது. மகளுக்குத் திருவிவிலியம் வாங்கினேன். படிக்கவும், கோடு போடவும், ஓரத்தில் கேள்வி எழுதவும் அது அவளுக்கு. மனப்பாடத்துக்கும் ஆலயத்துக்கும் பழைய திருப்புதல். அது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வசனம் புரியாவிட்டாலும், மிக எளிதாகப் புரிந்துவிட்டாலும், இரண்டையும் திறந்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இரண்டும் வேறுபடும் இடத்தில், மூலத்தில் ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று பொருள். ஐயரிடம் கேட்கவோ உரைநூலைத் தேடவோ அதுதான் இடம். வேதாகமம் இல்லாத வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுப்பதானால் நான் திருவிவிலியத்தைத்தான் வாங்குவேன். வயதான ஒருவருக்கு என்றால் யோசிக்காமல் பெரிய எழுத்துப் பழைய திருப்புதலை வாங்குவேன். அவர் நாவில் இருக்கும் வசனத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

முதல் பக்கத்தில் வசனம் எழுத ஆச்சியைக் கேட்டோம். கை நடுங்கியதால் மெதுவாக எழுதினார், எதையும் பார்க்காமல்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.” மை காய்ந்ததும் மகள் அதன் கீழே பென்சிலால் சின்னதாக எழுதிக்கொண்டாள்: தாழ்ச்சி – குறைவு.